ஆண்டு எழுதிய கற்கள்: ஹவாய் பெரிய தீவில் ஒரு சுற்று

சனி, கோனா

விமானம் தாழ இறங்கும்போது ஓடுபாதையின் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. தென்னையும் பூமாலையும் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கோனா விமான நிலையம் 1801இல் ஹுவலாலாய் எரிமலை வழியவிட்ட குழம்பின் மேலேயே கட்டப்பட்டது. நம் ஊரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட அதே வருடம். அந்த வருடத்துக் கல்லின் மேல் சக்கரம் உரசி விமானம் நின்றது.

ஹவாய் என்பது தீவுக்கூட்டத்தின் பெயர். அதிலுள்ள மிகப் பெரிய தீவுக்கும் அதே பெயர்தான். குழப்பம் வேண்டாமென்று இங்கே எல்லோரும் அதை பிக் ஐலண்ட் என்கிறார்கள். நான் பெரிய தீவு என்று எழுதுகிறேன். சுமார் 10,400 சதுர கி.மீ. நிலம், முழுக்க ஐந்து எரிமலைகள் கட்டியது. வயதில் மூத்தது வடக்கே கோஹாலா. அப்புறம் மௌனா கேயா, ஹுவலாலாய், மௌனா லோவா. தென்கிழக்கே கடைக்குட்டி கீலவேயா. கோஹாலா மட்டும்தான் அணைந்தே போனது. மற்ற நான்கையும் விஞ்ஞானிகள் இன்னும் கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூட வந்திருப்பவர் சித்தப்பா. திருச்சியில் பொதுப்பணித்துறைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல், மண், சாலை எதுவானாலும் கைவசம் ஒரு கருத்து வைத்திருப்பார். வாடகைக் காரில் ஏறி அரை மணி நேரம் வடக்கே போனதும் கேட்டார்: “ஏம்ப்பா, இவ்வளவு தூரம் பறந்து வந்து கல் குவாரியைத்தான் பார்க்கணுமா?”

கேள்வி நியாயமானதுதான். நெடுஞ்சாலையின் இரு புறமும் கண்ணுக்கு எட்டிய வரை உடைந்த கறுப்புக் கல். யார் யாரோ வெள்ளைப் பவளத் துண்டுகளைப் பொறுக்கிவந்து அதன் மேல் தங்கள் பெயரையும் காதலியின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் நிதானமாகப் பார்த்தால் கறுப்பிலேயே பல கறுப்புகள் இருப்பது தெரிகிறது. ஓரிடத்தில் புல் முளைத்துப் பழுப்பேறியிருக்கிறது. அடுத்த வளைவில் புல்லே இல்லை. 1800, 1801 காலத்து ஹுவலாலாய்க் குழம்பைத் தாண்டினால் 1859இன் குழம்பு வருகிறது. அது ஹுவலாலாயுடையது அல்ல. மௌனா லோவாவின் உச்சிச் சரிவில் கிளம்பி 50 கி.மீ.க்கும் மேல் ஓடிவந்து கீஹோலோ அருகே கடலில் விழுந்தது. போகிற போக்கில் அரசர் கமேஹமேஹா கட்டிய பெரிய மீன் குளத்தையும் நிரப்பிவிட்டது.

1800ஆம் வருடக் குழம்புக்கு நிலவியலாளர்களிடம் தனி மதிப்பு. மேலே வரும்போது ஆழத்திலிருந்த பச்சைக் கற்களை உருகாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. கறுப்புப் பாறைக்குள் முஷ்டி அளவில் பச்சைப் பருக்கைக் கல் பதிந்திருக்கும். துளை போட்டு எட்டவே முடியாத ஆழத்தின் மாதிரி, சாலையோரத்தில் கிடக்கிறது.

ஞாயிறு, கோஹாலா

வடமுனையிலுள்ள போலோலு பள்ளத்தாக்கு. நேற்றைய கறுப்புக்குச் சம்பந்தமே இல்லாத பச்சை. செங்குத்தான பாறைச் சுவர்கள், கீழே ஒரு கறுப்பு மணல் கரை, ஓயாத தூறல்.

கோஹாலா கடலுக்கு மேலே தலைகாட்டி ஏறக்குறைய ஐந்து லட்சம் ஆண்டுகள். கடைசியாக வெடித்தது சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன். அதற்குப் பிறகு கட்டுகிற வேலை நின்று, கரைக்கிற வேலை மட்டும் நடக்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று ஈரத்தை இந்தப் பக்கமே கொட்டிவிடுவதால் கிழக்குச் சரிவில் ஆழமான பள்ளத்தாக்குகள். மலையின் மேற்குப் பக்கம் கவாய்ஹாயே வறட்டுப் பொட்டல். இரண்டுக்கும் இடையே காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

போலோலுவிலிருந்து தெற்கே தெரியும் கடல்முகச் செங்குத்துகளை அலைதான் வெட்டியது என்று முன்பு நினைத்திருந்தார்கள். கடலடியை வரைபடமாக்கியபோது வேறு கதை வெளிவந்தது. மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து கடலுக்குள் சரிந்திருக்கிறது. கரையிலிருந்து வெகுதூரம் வரை அதன் இடிபாடு கிடக்கிறது. நாம் பார்ப்பது பெயர்ந்த இடத்தின் விளிம்பு. ஹவாய்த் தீவுகளைச் சுற்றிக் கடலடியில் இப்படிப் பல சரிவுகள் உண்டு. எரிமலைத் தீவு மழையில் மட்டும்தான் தேய்கிறது என்று எண்ணினால் தவறு. பாளம் பாளமாகவும் விழுகிறது.

கோஹாலா ஏன் அணைந்தது? தீவு நகர்ந்துவிட்டது, அடுப்பு அங்கேயே இருக்கிறது. பசிபிக் நிலத்தட்டு ஆண்டுக்கு 7 முதல் 10 செ.மீ. வரை வடமேற்காக நகர்கிறது. அதன் அடியில், பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள மூடகத்தில், ஒரு வெப்பப் புள்ளி ஏறக்குறைய நிலையாக நின்று குழம்பை அனுப்பிக்கொண்டிருக்கிறது. தட்டு நகர நகர ஒவ்வொரு எரிமலையாக அந்தச் சூட்டை விட்டு விலகுகிறது. இதை 1963இல் முன்வைத்தவர் கனடாவின் புவி விஞ்ஞானி ஜே. டூசோ வில்சன். 1971இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேசன் மோர்கன் அதை ஆழத்திலிருந்து எழும் சூடான தூண் என்று விரித்தார். 1840இலேயே அமெரிக்கக் கடற்பயணக் குழுவோடு வந்த நிலவியலாளர் ஜேம்ஸ் ட்வைட் டானா, வடமேற்கே போகப் போகத் தீவுகள் அதிகம் தேய்ந்திருப்பதைக் கவனித்துவிட்டார். காரணம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. நிலத்தட்டு நகர்கிறது என்ற எண்ணமே அப்போது யாருக்கும் கிடையாது.

வடமேற்கே உள்ள காவாய் தீவுக்கு சுமார் 50 லட்சம் வயது. இன்னும் தள்ளியுள்ள மிட்வே தீவுக்கு 2.8 கோடி. அதற்கும் அப்பால் தீவுகள் கடலுக்குள் மூழ்கி வெறும் மலைகளாகத் தொடர்கின்றன. ஓரிடத்தில் வரிசை சட்டென்று வடக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு 4.7 கோடி வயது. மொத்தச் சங்கிலியின் நீளம் கிட்டத்தட்ட 6,000 கி.மீ., ரஷ்யாவின் கம்சட்கா அருகே போய் முடிகிறது.

ஹவாய் மக்களின் கதையிலும் இதே வரிசைதான். நெருப்புத் தெய்வம் பேலே வீடு தேடி வடமேற்கேயிருந்து வருகிறாள். காவாயில் குழி தோண்டுகிறாள். கடல் தெய்வமான அக்காள் துரத்தி வந்து நெருப்பை அணைக்கிறாள். ஓவாஹுவிலும் மாவியிலும் இதே கதி. கடைசியில் கீலவேயாவில் வந்து குடியேறுகிறாள். எந்தத் தீவு அதிகம் தேய்ந்தது, எந்தத் தீவில் இன்னும் புகை வருகிறது என்று தலைமுறைகளாகப் பார்த்தவர்கள் சொன்ன கதை. டானாவுக்கு முன்பே கவனித்தவர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

திங்கள், மௌனா கேயா

தீவின் நடுவே இரண்டு பெருமலைகளுக்கிடையில் ஒரு சாலை போகிறது. இடப்புறம் மௌனா கேயா, 4,207 மீட்டர். வலப்புறம் மௌனா லோவா, 4,169 மீட்டர். வலப்புறத்து மலையை மலையென்று நம்பவே சித்தப்பா மறுத்துவிட்டார். “மேடுன்னு வேணா சொல்லு.” சரிவு அவ்வளவு மெல்லியது. இங்கே வரும் பசால்ட் குழம்பில் சிலிக்கா குறைவு. அதனால் அது நீர்த்து வெகுதூரம் ஓடுகிறது. அடுக்கு மேல் அடுக்காக ஓடிப் படிந்ததால் மலை அகலமாகவும் தட்டையாகவும் வளர்ந்திருக்கிறது. கன அளவில் பார்த்தால் பூமியில் இன்றும் உயிரோடிருக்கும் எரிமலைகளில் இதுவே மிகப் பெரியது.

மௌனா கேயாவை அதன் கடலடி அடிவாரத்திலிருந்து அளந்தால் எவரெஸ்டை விட உயரம் என்பார்கள். உண்மைதான், 9,000 மீட்டருக்கு மேல். ஆனால் எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது இன்னொன்று. இந்த மலைகளின் பாரம் தாங்காமல் அடியிலுள்ள கடல்தளமே வளைந்து பள்ளமாகிவிட்டது. மௌனா லோவாவின் அடியில் அந்தத் தாழ்வு சுமார் 8 கி.மீ. அதையும் சேர்த்து அளந்தால் அந்த ‘மேடு’ 17 கி.மீ. உயரம். தீவு இன்றும் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அமிழ்ந்துகொண்டிருக்கிறது.

2,800 மீட்டரிலுள்ள பார்வையாளர் நிலையத்தோடு நிறுத்திக்கொண்டோம். அதற்கு மேலே நான்கு சக்கர விசை வண்டி வேண்டும். சித்தப்பாவுக்கு ரத்த அழுத்தம் வேறு. பக்கத்திலிருந்த சாம்பல் கூம்பு ஒன்றில் ஏறினோம். காலுக்கடியில் சிவப்பும் ஊதாவுமாகப் பொரித்த கல், பத்தடிக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறது. மௌனா கேயா முதுமைக் கட்டத்தில் இருக்கிறது. வயதான எரிமலையில் குழம்பின் வேதியியல் மாறி, அது கெட்டியாகி, வாயு அதிகமாகி, ஓடுவதற்குப் பதில் தெறிக்கிறது. அதனால்தான் தலை முழுக்க இப்படிக் கூம்புகள். கடைசி வெடிப்பு சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்.

வெப்ப மண்டலத்தின் நடுவே நிற்கும் இந்த மலையின் உச்சியில் பனியுகத்தில் பனிப்பாறை மூடியிருந்தது. பனி இழுத்துவந்து விட்ட கல்வரப்புகள் இன்றும் உண்டு. பனியை ஒட்டிக் குழம்பு வெளிவந்தபோது சட்டென்று குளிர்ந்து, படிகம் வளர நேரமில்லாமல், மிக நெருக்கமான நுண்மணிப் பாறையாக இறுகியது. ஹவாய் மக்கள் அதைத் தேடி 3,700 மீட்டருக்கு மேல் ஏறிப்போய்க் கல்கோடாலி செய்தார்கள். உலோகம் கிடைக்காத தீவில் தோணி குடைவதற்கு அதைவிட நல்ல கல் கிடையாது. உடைத்துப் போட்ட சில்லுகள் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கின்றன.

சித்தப்பா இறங்கும்போது கேட்டது: “எல்லாம் பொத்தல் கல்லா இருக்கே. இந்த ஊர்ல ஒரு சாமி சிலை செய்யணும்னா என்ன பண்ணுவான்?” நல்ல கேள்வி. கிரானைட் கண்டங்களின் அடியில் மெதுவாகக் குளிர்ந்து உருவாகிற பாறை, இந்தத் தீவுகளில் அது இல்லை. காவாய் தீவில் சைவ ஆதீனம் ஒன்று இருக்கிறது. அங்கே இறைவன் கோயிலை கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில் கட்டியபோது, கல்லை பெங்களூரு அருகே கையால் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 2023இல் குடமுழுக்கு. பெங்களூரு வட்டாரத்துப் பாறைகளுக்கு 250 கோடி ஆண்டும் அதற்கு மேலும் வயது. அவை நிற்கும் தீவுக்கு 50 லட்சம்.

செவ்வாய், ஹிலோ

நாள் முழுக்க மழை. ஹிலோவில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்யும் என்று படித்திருந்தேன். அதில் பெரும்பங்கு இன்றைக்கே பெய்துவிட்டது போலிருக்கிறது.

மௌனா லோவாவின் வடகிழக்குப் பிளவு மண்டலம் இந்த ஊரை நோக்கித்தான் இருக்கிறது. பிளவு மண்டலம் என்பது எரிமலையின் பக்கவாட்டில் நீளும் பலவீனமான பகுதி. உச்சியில் வர வேண்டிய குழம்பு அதன் வழியே பல கி.மீ. தள்ளியும் வெளிவரும். 1881இல் குழம்பு ஊரின் விளிம்பு வரை வந்துவிட்டது. இளவரசி ரூத் கேஎலிகோலானி ஹோனலூலுவிலிருந்து வந்து பிராந்தியும் பட்டுத் துணியும் படைத்து வேண்டிக்கொள்ள, குழம்பு நின்றது என்பார்கள். 1935இல் வேறு வகைப் பூஜை நடந்தது. எரிமலை ஆய்வாளர் தாமஸ் ஜாகர் சொன்ன யோசனைப்படி ராணுவ விமானங்கள் குழம்பின் மேல் குண்டு போட்டன. சில நாட்களில் அதுவும் நின்றது. குண்டால்தான் நின்றது என்று ஜாகர் நம்பினார். மற்ற நிபுணர்கள் பலர் நம்பவில்லை. பிராந்திக்கும் குண்டுக்கும் ஆதாரம் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று சொன்னால் இரண்டு தரப்புக்கும் கோபம் வரும்.

2022 நவம்பர் 27 இரவு, 38 வருட மௌனத்துக்குப் பிறகு மௌனா லோவா மறுபடி வெடித்தது. நேற்று நாங்கள் வந்த சாலைக்கு 3 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில் குழம்பு நின்றுவிட்டது. ஆனால் மலைச்சரிவிலிருக்கும் வளிமண்டல ஆய்வு நிலையத்துக்குப் போகும் சாலையையும் மின்கம்பியையும் வெட்டிவிட்டது. 1958இல் சார்லஸ் கீலிங் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கிய இடம் அது. காலநிலை மாற்றம் பற்றி எங்கே பேசினாலும் காட்டப்படும் அந்த ஏறுமுகக் கோடு அங்கிருந்துதான் வருகிறது. அளவை நிற்கக் கூடாதென்று கருவிகளை எதிர் மலையான மௌனா கேயாவுக்குத் தற்காலிகமாக மாற்றினார்கள்.

புதன், கீலவேயா

இதற்காகத்தான் வந்தது. ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவின் விளிம்பில் நின்று கீலவேயாவின் பெருவாயை, அதாவது உச்சி உட்கார்ந்து உண்டான பெரும் பள்ளத்தைப் பார்க்கிறோம். கந்தக நெடி. எதிரே, அதற்குள் இருக்கும் ஹலேமாவுமாவு குழியின் தென்மேற்கு மூலையிலிருந்து நீலம் கலந்த புகை.

2018க்கு முன் வந்தவர்கள் பார்த்தது வேறு நிலம். அந்த வருடம் மே மாதம் கீலவேயாவின் அடியிலிருந்த குழம்பு கிழக்குப் பிளவு வழியே 40 கி.மீ. தள்ளிப்போய் வெளிவந்தது. தாங்க ஆளில்லாமல் உச்சி உட்கார்ந்தது. ஒரேயடியாக அல்ல, ஆகஸ்ட் தொடக்கம் வரை 62 முறை. ஒவ்வொரு சரிவும் ஒரு நிலநடுக்கம். முடிவில் ஹலேமாவுமாவு 500 மீட்டர் ஆழத்துக்குப் போயிருந்தது. விளிம்பைச் சுற்றிய சாலையில் ஒரு துண்டு இப்போது குழிக்குள் கிடக்கிறது. விளிம்பிலிருந்த ஜாகர் அருங்காட்சியகம் அதற்குப் பிறகு திறக்கப்படவே இல்லை. 1912இல் ஜாகர் தொடங்கிய எரிமலை ஆய்வகமும் இடம் மாற வேண்டியதாயிற்று.

அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2019இல் குழியின் அடியில் பச்சையாக ஒரு சிறு குட்டை தெரிந்தது. குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டதால் ஊறி வந்த தண்ணீர். ஒன்றரை வருடத்தில் 50 மீட்டர் ஆழ ஏரியாகிவிட்டது. 2020 டிசம்பர் 20 இரவு குழம்பு வந்து சில மணி நேரத்தில் முழுவதையும் ஆவியாக்கியது. அன்றிலிருந்து விட்டு விட்டு வெடித்து, போன ஆழத்தில் பெரும்பகுதியைக் குழம்பே திரும்ப நிரப்பிவிட்டது.

2024 டிசம்பர் 23 தொடங்கி நடப்பது புது முறை. சில மணி நேரம் அல்லது ஒரு நாள் போல் நெருப்பு ஊற்று, சில முறை 300 மீட்டருக்கும் மேல். பிறகு பல நாள் ஓய்வு. ஓய்வில் அடியே குழம்பு சேரச் சேர மலை நுணுக்கமாக உப்புகிறது. அந்தச் சாய்வைக் கருவிகள் அளக்கின்றன. ஊற்று அடித்ததும் சட்டென்று இறங்குகிறது. வரைபடத்தில் ரம்பப்பல் வரிசை. அடுத்தது எப்போது என்று அதை வைத்து ஆய்வகம் ஒரு கால இடைவெளி சொல்கிறது.

நாங்கள் போனது ஓய்வுக் காலத்தின் கடைசியில். இருட்டிய பிறகு குழம்பு வெளிவரும் வடக்குத் துளையில் சிவப்பு ஏறியது. குழம்பு விளிம்பு வரை பொங்கி, கொஞ்சம் வழிந்து, திடீரென்று உள்ளே இறங்கிவிடும். பத்து நிமிடம் கழித்து மறுபடி. மேற்பரப்புக்கு அடியில் வாயு சேர்ந்து தூக்குவதும், அது வெளியேறியதும் குழம்பு அமிழ்வதுமாக நடக்கும் விஷயம் இது. பெரிய ஊற்று வரும் முன் இப்படி ஒத்திகை பார்க்கும் என்று பூங்காப் பணியாளர் சொன்னார். இரவு பதினொன்று வரை குளிரில் நின்றோம். ஒத்திகையோடு சரி. சித்தப்பா மட்டும் ஏமாற்றமே காட்டவில்லை. “கொதிக்கிறதை இவ்வளவு நேரம் யார் பார்க்க விடுவான்?”

இதைச் சாதுவான எரிமலை என்று எழுதுகிறவர்கள் உண்டு. 1790இல் இங்கே நடந்த வெடிப்பில் தலைவர் கேயோவாவின் படையில் ஒரு பகுதியே மடிந்தது. தண்ணீரும் குழம்பும் சேர்ந்தால் கீலவேயாவும் சீறும்.

வியாழன், கீலவேயா இக்கி

பெருவாயின் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழி. காட்டு வழியே 120 மீட்டர் இறங்கினால் தட்டையான கறுப்புத் தரை. 1959 நவம்பர் 14 முதல் டிசம்பர் 20 வரை இது கொதிக்கும் ஏரி. ஒரு கட்டத்தில் ஊற்று 580 மீட்டர் உயரம் போனது. ஹவாயில் அளந்தவற்றில் அதுதான் உச்சம். காற்று தள்ளிய கசடு ஒரு பக்கமாகக் குவிந்து பூவு புவாயி என்ற கூம்பாக நிற்கிறது.

இந்த இடம் உலக அளவில் முக்கியமானது வெடிப்பால் அல்ல, வெடிப்பு நின்ற பிறகு நடந்ததால். 100 மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள குழம்பு ஏரி ஒன்று மூடிய கிண்ணத்தில் ஆறப் போகிறது. அதற்கு மேலே நடந்து போய்த் துளை போட முடியும். இந்த வாய்ப்பை விடுவார்களா? அமெரிக்க நிலவியல் துறையினர் பல வருடம் துளையிட்டு மாதிரி எடுத்தார்கள். மேலோடு எவ்வளவு வேகத்தில் தடிக்கிறது, எந்த வெப்பத்தில் எந்தக் கனிமம் முதலில் பிரிகிறது, ஒலிவின் என்ற பச்சைக் கனிமத்தின் கனமான படிகங்கள் எப்படி அடியில் போய்ச் சேர்கின்றன என்று பாடப்புத்தகத்தில் ஊகமாக இருந்ததையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே முழுவதும் இறுக முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தத் தரைக்கு அடியில் இன்னும் உருகல் இருந்திருக்கிறது.

இறுகிவிட்டது என்றால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. விரிசல்களில் கை காட்டினால் ஈரச் சூடு. மழைநீர் உள்ளே இறங்கி ஆவியாகத் திரும்புகிறது. ஆவி வரும் இடங்களில்தான் பெரணி முளைத்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஓஹியா மரக்கன்று, சிவப்புப் பூவோடு. புதுக் கல்லில் முதலில் வேர் விடும் மரம் இது.

தரையை உற்றுப் பார்த்தால் பச்சைப் புள்ளிகள், ஒலிவின். இதுவே அலையில் அலசிச் சேர்ந்தால் தென்கோடியிலுள்ள பாபகோலேயா போலப் பச்சை மணல் கரையாகும். காற்றில் இழுபட்டு நூலாக இறுகிய கண்ணாடி இழைகளும் ஓரங்களில் கிடக்கின்றன. பேலேயின் கூந்தல் என்று பெயர். தொடாதீர்கள், கையில் ஏறும், கண்ணில் பட்டால் ஆபத்து. கல்லையும் எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். எடுத்துப்போனால் பேலே துரதிர்ஷ்டம் தருவாள் என்று பயந்து மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். சட்டம் செய்யாததை அந்தப் பயம் செய்கிறது.

வெள்ளி, கடலுக்கு இறங்கும் சாலை

செயின் ஆஃப் கிரேட்டர்ஸ் சாலை 30 கி.மீ.யில் 1,100 மீட்டர் இறங்குகிறது. வழியெங்கும் சின்னப் பலகைகள்: இது இன்ன வருடத்துக் குழம்பு என்று. 1974 ஜூலை. மௌனா உலு என்ற குட்டி மலையின் குழம்பு, 1969 முதல் 1974 வரை. சித்தப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தனக்கு வேலை கிடைத்த வருடக் கல்லைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். நம் பக்கத்தில் கல் என்றாலே நினைவுக்கு எட்டாத பழசு. இங்கே அவர் அதற்கு மூத்தவர்.

இரண்டு வகைக் கற்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். மேல்தோல் வழுவழுப்பாக, மடிப்பு மடிப்பாக இறுகியது பாஹோய்ஹோய். உடைந்து முள்ளாகக் கிடப்பது ஆஆ, லாரி லாரியாய்க் கொட்டிய ஜல்லி போல. இரண்டும் ஒரே குழம்புதான். ஓடும்போது வாயு இழந்து, குளிர்ந்து, படிகம் கூடி, சரிவில் வேகமாகக் கலைந்தால் முதல் வகை இரண்டாவதாகிவிடும். அதற்குப் பிறகு பழைய வழுவழுப்புக்குத் திரும்புவதில்லை.

பாதி வழியில் சாலை ஒரு பெரிய செங்குத்தில் வளைந்து வளைந்து இறங்குகிறது. கீலவேயாவின் தெற்குப் பக்கமே கடலை நோக்கி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. அந்த நகர்வில் உண்டான பிளவுப் படிகள் இவை. 1975 நவம்பர் 29 அதிகாலை 7.7 அளவு நிலநடுக்கத்தில் கரையோரம் ஓரிடத்தில் 3 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. ஹலாபேயில் கூடாரம் போட்டிருந்தவர்கள்மேல் கடலலை வந்தது. இருவர் இறந்தார்கள்.

சாலையின் வரலாறு பொதுப்பணித்துறைக்காரருக்குத் துக்கக் கதை. 1965இல் கலபனா ஊர் வரை இணைத்தார்கள். 1969இல் குழம்பு மூடியது. வேறு தடத்தில் போட்டு 1979இல் திறந்தார்கள். 1986இல் மறுபடி போயிற்று. 1990இல் கலபனாவே புதைந்தது. 2014இல் பஹோவா ஊரைக் குழம்பு நெருங்கியபோது மாற்று வழியாக மண்சாலை போட்டார்கள். 2016இல் அதன் மேலும் குழம்பு ஏறியது. “காண்ட்ராக்டருக்குக் கொண்டாட்டம்” என்றார் சித்தப்பா. இப்போது சாலை ஹோலேய் கடல் வளைவோடு நிற்கிறது. சுமார் 27 மீட்டர் உயரப் பாறை வளைவு, அடியில் அலை குடைந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் விழும். பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

சனி, பூனா

தீவின் கிழக்குப் பகுதி. 2018இல் கீலவேயாவின் உச்சியிலிருந்து கிளம்பிய குழம்பு வெளிவந்த இடம். மே 3 அன்று லெய்லானி எஸ்டேட்ஸ் குடியிருப்பில் தெரு நடுவே முதல் விரிசல். அடுத்த நாள் 6.9 அளவு நிலநடுக்கம். மொத்தம் 24 பிளவுகள். அவற்றில் எட்டாவதுதான் நிலைத்து, ஆறாக ஓடி, 13 கி.மீ. கடந்து கபோஹோ விரிகுடாவை நிரப்பியது. 700க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. 400 ஆண்டுப் பழைய கூம்பு ஒன்றின் உள்ளேயிருந்த பசுமை ஏரி, ஒரே நாளில் கொதித்து ஆவியானது. மூன்று மாதத்தில் 35 சதுர கி.மீ. நிலம் மூடப்பட்டது. கடலில் 3.5 சதுர கி.மீ. புது நிலம் சேர்ந்தது.

நெடுஞ்சாலை 132ஐக் குழம்பை வெட்டி மறுபடி போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆளுயரக் கறுப்புச் சுவர். 2019இல் வேலை நடந்தபோது உள்ளே கல்லின் சூடு இன்னும் ஆறவில்லை. சூடான கல்லில் எந்திரம் வைத்து வேலை செய்வது எப்படி என்பதில் சித்தப்பா அரை மணி நேரம் மூழ்கிவிட்டார். பக்கத்தில் புவிவெப்ப மின்நிலையம். 2005இல் இங்கே கிணறு தோண்டியவர்கள் இரண்டரை கி.மீ. ஆழத்தில் உருகிய குழம்பையே துளைத்துவிட்டார்கள். 2018இல் நிலையத்தின் சில கிணறுகள் புதைந்து உற்பத்தி நின்றது. 2020 இறுதியில் மறுபடி தொடங்கியது.

போஹோயிகியில் படகுத் துறை இருந்தது. குழம்பு அதற்குச் சற்று முன்னால் நின்றது. ஆனால் கடலில் விழுந்து சிதறிய கண்ணாடித் துகள் அலையில் வந்து சேர்ந்து துறையையே மணலால் அடைத்துவிட்டது. அந்த இடம் கறுப்பு மணல் கடற்கரையானது. பின்னால் வெந்நீர்க் குட்டைகள். ஏழெட்டு வருட வயதுள்ள கரையில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

அபாய வரைபடம் இந்தத் தீவை ஒன்பது மண்டலமாகப் பிரிக்கிறது. ஒன்று மிக ஆபத்து. லெய்லானி ஒன்றில் இருக்கிறது. அது தெரிந்தே வாங்கினார்கள், ஏனென்றால் ஹவாயில் சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் நிலம் இங்கேதான் கிடைத்தது. “ஆபத்தான இடம்னு தெரிஞ்சும் ஏன் போனாங்க” என்று கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. சென்னையில் ஏரிக்கரையில் வீடு வாங்கியவர்களிடமும் அதைத்தான் கேட்கிறார்கள். கறுப்புக் கல்லின் மேல் இப்போது சில புது வீடுகள் தெரிகின்றன. சிலரிடம் கவுண்டி (மாவட்டம் போன்றது) நிர்வாகம் நிலத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது.

சித்தப்பா கடைசியாகக் கேட்டது பட்டா பற்றி. “கடலுக்குள்ள புதுசா வந்த நிலம் யாருக்குச் சொந்தம்? பக்கத்து நிலக்காரனுக்கா?” விடை இருக்கிறது. 1955 வெடிப்பில் இதே பூனா கரையில் சுமார் எட்டு ஏக்கர் புதிதாக உண்டானது. பக்கத்து நிலத்தை வாங்கியவர் அதையும் திருத்தி மரம் செடி வைத்தார். மாநில அரசு வழக்குப் போட்டது. 1977இல் ஹவாய் உச்ச நீதிமன்றம், குழம்பால் கடலில் சேரும் நிலம் மாநிலத்துக்கே, அதாவது மக்களுக்கே என்று தீர்ப்பளித்தது. புதைந்த வீட்டுமனை மட்டும் பழைய சொந்தக்காரருடையதாகவே இருக்கிறது. எல்லை அதேதான், தரை பல மீட்டர் மேலே வந்துவிட்டது.

“அப்ப சர்வேயர் மறுபடி கல்லு நடணும்” என்றார்.